திண்ணைக்கு வந்த ஆசாரி

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அவனியாபுரம் போய்ச் சேர்ந்துவிட்டேன். பண்டிகைக்காக என்று ஆபீஸில் சொல்லி லீவு வாங்கினேன். உண்மையில் அக்காவின் கையால் நாலு நாள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசைதான்.

அவனியாபுரம் இப்போது தனி ஊர் அல்ல. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் மார்கழிக் கடைசியில் அங்கே போய்ப் பாருங்கள், பட்டணம் என்று சொல்லவே தோன்றாது. தை முதல் நாள் ஜல்லிக்கட்டு அல்லவா? தெருவுக்குத் தெரு காளைகள் நிற்கும். தலைக்கு மேலே மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானம். கீழே காளையின் பெருமூச்சு. சில வருஷங்களாக மாட்டுக்கும் மாடு பிடிப்பவருக்கும் பதிவெல்லாம் இணையத்தில்தான். ஒரு கையில் மூக்கணாங்கயிறும் மறு கையில் செல்போனுமாக நிற்கிற பெரியவர்களை அங்கே சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது காளையைப் பற்றி அல்ல. அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி.

அவளைச் சின்னக் குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும். இப்போது பட்டம் முடித்துவிட்டாள். தகப்பனார் இல்லை. தாயார் ஒரு தையல் மெஷினை நம்பிக் குடும்பத்தை நடத்துகிறாள். பெண் ஒரு வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கடைசி நாள் அன்றைக்குத்தான், அதுவும் நள்ளிரவோடு சரி. என்ன வேலை, எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எல்லா விண்ணப்பங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நம்மைப் பாடாய்ப் படுத்துகின்றன.

ராத்திரி எட்டு மணிக்கு லாப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, போட்டோவை ஏத்துக்கவே மாட்டேங்குது!"

போட்டோவில் ஒரு குறையும் இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் தன் ஐபோனில் எடுத்தது. லட்சணமாகத்தான் இருந்தாள். விண்ணப்பம் கேட்டது 'ஜேபெக்' என்ற வகைப் படம். அதுவும் 50 கிலோபைட்டுக்குள். இவள் கையில் இருந்ததோ 'ஹெச்.இ.ஐ.சி.' என்ற வேறு ஜாதி. 1992-ல் பிறந்த ஜேபெக்கை உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் புதியது 2017-ல் ஐபோனுக்கு வந்தது. ஏறக்குறைய பாதி இடத்தில் அதே படத்தை மடித்து வைக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கப் பல பிரவுஸர்களுக்குத் தெரியாது.

"பேரை ஜேபிஜின்னு மாத்திக் கூடப் பாத்துட்டேன் அத்தை. அப்பவும் ஒத்துக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு காலத்தில் அதைச் செய்தவள்தான். ஃபைலின் பெயர் வாசலில் மாட்டிய பலகை மாதிரி. உள்ளே இருப்பது யார் என்று பலகையை வைத்துத் தீர்மானிக்க முடியுமா? பெரும்பாலான வகை ஃபைல்கள் தம் முதல் சில பைட்டுகளிலேயே குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும். பி.டி.எஃப். என்றால் ஒரு சதவீதக் குறியும், தொடர்ந்து அந்த மூன்று எழுத்துகளும் இருக்கும். ஜேபெக்குக்கும் அப்படி ஒரு முகப்பு உண்டு. பலகையை மாற்றினாலும் முகப்பு மாறுவதில்லை.

"பரவாயில்லை அத்தை. இதுக்குன்னு ஒரு ஸைட் இருக்கு. போட்டோ, ஆதார், மார்க் ஷீட் எல்லாத்தையும் மொத்தமாப் போட்டா ஒரே நிமிஷத்திலே மாத்திக் குடுத்துடும். காசு கிடையாது!" என்று சொல்லிக்கொண்டே அவள் விரல் பொத்தானை நோக்கிப் போயிற்று.

அக்கா அடுப்பில் அதிரசம் போட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் கரண்டியைக் கையில் வைத்தபடியே ஒரு கேள்வி கேட்டாள்.

"போட்டான்னு சொல்றியே, எங்கே போடறே?"

பெண் விழித்தாள்.

"எங்கேன்னா... ஸைட்ல அத்தை."

"அது யார் வீட்டிலே இருக்கு?"

அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் நடத்துபவர் பெயரோ ஊரோ எங்கே தேடியும் இல்லை. பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று மட்டும் 'வா, வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "நம்ம அப்பத்தா நகை பண்ணினது ஞாபகம் இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

நன்றாக இருக்கிறது. அப்பத்தா ஒரு நாளும் பொன்னைக் கடைக்குக் கொடுத்தனுப்பியது கிடையாது. ஆசாரி வீட்டுக்கு வருவார். குமுட்டி, ஊதுகுழல், குறடு, சின்னத் தராசு எல்லாம் ஒரு பையில் வரும். திண்ணையில்தான் உலை. அப்பத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்; கண் மட்டும் குமுட்டியை விட்டு நகராது. பழைய காசுமாலை உருகி வளையலாகும். ராவின தூளைக்கூடக் காகிதத்தில் மடித்து அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு, கூலியும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு அவர் போவார். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. "நம்ம பொருள் நம்ம வாசலைத் தாண்ட வேணாம்" என்பது அவள் கொள்கை; அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர்லே அப்படி வீட்டுக்கு வந்து செய்யற ஆசாரி யாரும் இல்லையாக்கும்?" என்றாள் அக்கா.

இருக்கிறார்! அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

தெருக்கோடி வீட்டுத் தம்பி சென்னையில் ஒரு கம்பெனியில் இணையப் பக்கங்கள் எழுதுகிறான். பொங்கலுக்கு வந்திருந்தான். கூப்பிட்டு அனுப்பியதும் வந்து உட்கார்ந்து, முதல் காரியமாக இரண்டு அதிரசத்தைத் தீர்த்தான். அப்புறம் வேறொரு பக்கத்தைத் திறந்தான். பார்க்க முதலில் பார்த்ததைப் போலவே இருந்தது. அங்கேயும் ஃபைலைத் தேர்ந்தெடு என்று ஒரு பொத்தான். அங்கேயும் காசு இல்லை.

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"அதிலே உங்க ஃபைல் அவங்க மெஷினுக்குப் போகுதுக்கா. இதிலே அவங்க எழுதின புரோகிராம் உங்க மெஷினுக்கு வருது."

பிறகு அவன் ஒரு வேடிக்கை செய்தான். பக்கம் முழுக்க வந்து சேர்ந்ததும் வீட்டின் வை-ஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டான். "ஐயோ, நெட் போச்சே!" என்று பெண் பதறினாள். அவன் பேசாமல் போட்டோவைத் தேர்ந்தெடுத்து 'மாற்று' என்பதைத் தட்டினான். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதே படம் ஜேபெக்காக, 46 கிலோபைட்டில், வந்து நின்றது! வெளியுலகத்துக்குக் கம்பியும் இல்லை, காற்றும் இல்லை. அப்படியென்றால் வேலை நடந்தது எங்கே? அக்கா வீட்டுக் கூடத்தில், அந்தப் பழைய லாப்டாப்புக்குள்ளேயேதான்.

நேயர்கள் இந்தச் சோதனையை அவசியம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் என்றால் ஃப்ளைட் மோடைப் போட்டு, வை-ஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். (அவனியாபுரத்தில் அதற்கு மவுசு அதிகம், விமானம் கூரை மேலேயே போகிறது.) வலையை அணைத்த பிறகும் மாற்றம் நடந்தால் ஆசாரி உங்கள் திண்ணையில் இருக்கிறார் என்று அர்த்தம். நடக்கவில்லை என்றால் பொன் வெளியே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் இருப்பதாகத் தம்பி சொன்னான். கள்ளத்தனமான பக்கம் ஃபைலைப் பதுக்கி வைத்துக்கொண்டு, வலை திரும்ப வந்ததும் அனுப்பிவிடலாமாம். ஆகவே பிரவுஸரின் அந்தரங்க ஜன்னலில் வேலையைச் செய்துவிட்டு, அந்த ஜன்னலை மூடிய பிறகே வலையைப் போடுவது நல்லது.

சரி, வலையை அணைத்த பிறகு அந்த வேலையைச் செய்தது யார்? அதற்குத்தான் 'லைப்ரரி' என்று பெயர். புத்தகசாலை அல்ல. ஒரு குறிப்பிட்ட வேலைக்கு வேண்டிய கட்டளைகளையெல்லாம் யாரோ ஒரு நிபுணர் எழுதிக் கட்டி வைத்திருக்கும் மூட்டை. இணையப் பக்கம் எழுதுகிறவர் அந்த மூட்டையை எடுத்துத் தம் பக்கத்தில் சேர்த்துக்கொள்வார். நாம் பக்கத்தைத் திறக்கும்போது அதுவும் கூடவே நம் வீட்டுக்கு வந்து இறங்குகிறது, ஆசாரியின் பையைப் போல.

இது எப்போதும் சாத்தியமாக இருந்ததில்லை. பிரவுஸருக்கென்று 1995-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பாஷை சின்னச் சின்னக் காரியங்களுக்கு ஏற்பட்டது. படத்தையும் வீடியோவையும் உருமாற்றும் பெரிய புரோகிராம்கள் 'ஸி' போன்ற வேறு பாஷைகளில் இருந்தன. அவற்றைப் பிரவுஸருக்குப் புரியும்படி மாற்றித் தரும் உத்தியை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுஸரைத் தயாரிக்கும் மோஸில்லாவில் 2010 வாக்கில் ஆரம்பித்தார்கள். 2017-ல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஸஃபாரி, எட்ஜ் ஆகிய நான்கும் 'வெப் அஸெம்ப்ளி' என்ற ஒரே முறையை ஏற்றுக்கொண்டன. 2019 டிசம்பரில் அது உலக இணைய அமைப்பின் அங்கீகாரமும் பெற்றது. அதற்கப்புறம் பாருங்கள், பெரிய பெரிய யந்திரங்களெல்லாம் நம் வீட்டுக்கு நடையாய் நடக்கின்றன. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-த்தில் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்ற வீடியோ உருமாற்றி இருக்கிறதே, அதுவே இன்று பிரவுஸருக்குள் ஓடுகிறது. எங்கள் போட்டோவை மாற்றிய மூட்டையும் இப்படிக் குடிபெயர்ந்து வந்ததுதான். எடை இரண்டு மெகாபைட்டுக்கும் குறைவு.

"எங்க மெஷினுக்குள்ளே ஒரு புரோகிராம் வந்து உக்காந்தா, அது மத்ததையெல்லாம் தொடாதா?" என்று அந்தப் பெண்ணின் தாயார் கேட்டாள். தையல் மெஷினை விட்டு அவளும் வந்து கதவோரம் நின்றிருந்தாள். நியாயமான கேள்வி. பிரவுஸர் அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நாமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஃபைலைத்தான் பக்கம் படிக்க முடியும். அலமாரியைத் தானே திறந்து துழாவ முடியாது. அப்பத்தா பெட்டிச் சாவியை ஆசாரியிடம் கொடுத்ததில்லை. வேண்டிய காசை மட்டும் எண்ணி எடுத்து வைப்பாள்.

மாற்றும்போது ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது என்றேன் அல்லவா? தம்பி அதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டான். எழுதியவர் சோம்பேறியாம். இப்படிப்பட்ட கனமான வேலையைப் பின்கட்டில் 'வொர்க்கர்' என்று தனி ஆளிடம் ஒப்படைத்திருந்தால் முன்கட்டு ஸ்தம்பித்து நின்றிருக்காது என்றான்.

நகைக்குச் சேதாரம் உண்டு, படத்துக்கும் உண்டு. ஜேபெக் ஆக்கும்போது கண்ணுக்கு உறைக்காத நுணுக்கங்கள் கழிந்துவிடும். கழிந்தது திரும்ப வராது. ஆகவே மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே மாற்ற வேண்டும். மாற்றியதையே மறுபடி மாற்றினால் படம் கஞ்சியாகிவிடும். ஆனால் இந்தச் சேதாரத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. செல்போன் போட்டோவுக்குள் அதை எடுத்த இடத்தின் அட்ச ரேகை, தீர்க்க ரேகை பல சமயம் ஒளிந்திருக்கும். பிரவுஸரின் 'கேன்வாஸ்' என்ற பலகையில் மறுபடி வரைந்து எடுத்த படத்தில் அந்தக் குறிப்பு இராது. கல்யாணத்துக்கென்று பெண் போட்டோவை நாலு இடத்துக்கு அனுப்புகிற வீடுகளில் இது சின்ன விஷயமா என்ன?

நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விடுத்தது. இலவசமாக ஃபைல் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில இணையக் கருவிகள் சொன்ன வேலையைச் செய்துவிட்டு, கூடவே நம் கம்ப்யூட்டரில் விஷமப் புரோகிராமையும் இறக்கிவிடுகின்றன. கொடுத்த ஃபைலைத் துருவிப் பிறந்த தேதி, பாங்கு விவரம், பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொள்கின்றன என்று அதில் சொன்னார்கள். எல்லா ஸைட்டும் அப்படி அல்ல; எத்தனையோ யோக்கியமானவை இருக்கின்றன. ஆனால் நள்ளிரவுக் கெடு நெருங்கும்போது யோக்கியம் விசாரிக்க யாருக்கு நேரம்?

திண்ணைக்கு வரும் ஆசாரியிலும் ஆள் மாறாட்டம் நடக்காமல் இல்லை. 2024 ஜூனில் நடந்தது இது. பாலிஃபில் என்ற ஒரு லைப்ரரியை லட்சத்துக்கும் மேற்பட்ட இணையதளங்கள் ஒரே இடத்திலிருந்து தருவித்துக்கொண்டிருந்தன. அந்த இடம் கைமாறிற்று. புதிதாக வாங்கியவர்களிடமிருந்து வந்த மூட்டையில் விஷமம் கலந்திருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இணையப் பக்கம் எழுதுகிறவர்களாக இருந்தால் இதை ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். லைப்ரரியை வழியில் எங்கிருந்தோ தருவிக்காமல், சோதித்த பிரதி ஒன்றைத் தங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்வது க்ஷேமம்.

எல்லாவற்றையும் இப்படிச் சாதித்துவிட முடியுமா என்றால், முடியாது. எஃப்.எஃப்.எம்பெக் மூட்டை முப்பது மெகாபைட்டை ஒட்டி வரும். நீளமான கல்யாண வீடியோவை அதில் போட்டால் பழைய செல்போன் மூச்சு முட்டி விழுந்துவிடும். ஸ்கான் எடுத்த பி.டி.எஃப்.பை வேர்டாக மாற்றுவதும் இன்னும் தகராறுதான். ஆனால் போட்டோவைச் சிறிதாக்குவது, இரண்டு பி.டி.எஃப்.களை ஒன்றாகத் தைப்பது, படங்களை பி.டி.எஃப். ஆக்குவது, இவையெல்லாம் திண்ணையிலேயே முடிகிற வேலைகள். அன்றைக்கு ஆதாரையும் மார்க் ஷீட்டையும் அப்படியே முடித்தோம். வை-ஃபை பெட்டிக்கு உயிர் வந்தபோது மணி பத்தரை. விண்ணப்பம் போயிற்று, ரசீதும் வந்தது. அந்தப் பெண் ரசீதை மூன்று தடவை வாசித்தாள்.

அத்தான் இத்தனை நேரமும் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். தம்பி கிளம்பும்போது மெதுவாக, "தம்பி, இன்னொண்ணு இருக்கு. நடக்குமான்னு தெரியலை" என்று இழுத்தார். அலமாரியிலிருந்து ஒரு ஸி.டி. வந்தது.

அக்காவின் மாமியார் நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, சம்பந்தி ஏசல் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிடுவார் என்பார்கள். 2003-ல் அந்த நோட்டை டவுனில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து டைப் அடித்து வைத்தார் அத்தான். அப்புறம் நோட்டை யாரோ ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனார்கள், திரும்பவில்லை. பாடியவரும் போய்விட்டார். மிஞ்சியது ஸி.டி. ஒன்றுதான். அதைத் திறந்தாலோ ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கஷாயம்.

தம்பி பார்த்தவுடன் "பாமினி" என்றான். அத்தான் திடுக்கிட்டார். அது எழுத்துருவின் பெயர்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் முகமூடியை மாட்டின. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்பதுதான். எழுத்துரு இல்லாத மெஷினில் முகமூடி கழன்றுவிடும். கடைக்கொரு முகமூடியாக ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் மாநாடே கூட்டினார்கள். 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குச் சொந்த இடம் இருந்தும், தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான். அந்த இடைவெளியில் அடித்தவையெல்லாம் இப்படித்தான் கிடக்கின்றன. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் என்பவர் ஸ்விட்ஸர்லாந்தில் இருந்துகொண்டு, நம் ஊர்ப் பெயரையே வைத்து 'மதுரைத் திட்டம்' தொடங்கினாரே, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற! அவற்றையும் முதலில் வேறு முறைகளில் ஏற்றிவிட்டு, பின்னால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டி வந்தது.

இந்த உருமாற்றத்தைப் பிரவுஸருக்குள்ளேயே செய்யும் பக்கங்கள் தமிழில் எப்போதோ வந்துவிட்டன. சுரதா யாழ்வாணன் என்ற ஈழத்தமிழர் செய்த 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியை இணையத்தின் ஆரம்ப காலத்துத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். மேலே பழைய கஷாயத்தை ஊற்றினால் கீழே தமிழ் வரும்.

வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் குளறிவிடும். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கொம்புதான் முதலில் வரும். யூனிகோடிலோ 'க' முதலில், குறி பின்னால். மாற்றும் புரோகிராம் அவசரப்பட்டுக் கொம்பையும் 'க'வையும் சேர்த்துக் 'கெ' என்று முடித்துவிட்டால், மிச்சக் கால் அநாதையாக நிற்கும். ஆகவே நீளமான சேர்க்கையை முதலில் தேட வேண்டும். குட்டையானதைப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

தம்பி அந்த மாதிரிப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஸி.டி.யில் இருந்ததை அள்ளி ஒட்டினான். பொத்தானைத் தட்டினதுதான் தாமதம், திரை முழுக்கத் தமிழ்! அங்கங்கே வடமொழி எழுத்துகள் மட்டும் கோணிக்கொண்டு நின்றன. அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உரக்கப் படித்தாள். நலங்கு முடிந்து, ஊஞ்சல் முடிந்து, சம்பந்தி ஏசல் வந்தது. அதன் தலைப்புக்குக் கீழே, பாட்டோடு சேராமல், அந்த அம்மாள் தமக்காக எழுதி வைத்திருந்த குறிப்பையும் டி.டி.பி. கடைக்காரர் விடாமல் அடித்திருந்தார்:

"மூன்றாம் அடியைப் பாடும்போது மாப்பிள்ளையின் அத்தை பக்கம் பார்க்கக் கூடாது. போன தடவை சாப்பிடாமல் போய்விட்டார்கள்."